செப்புத் தொப்பியும் பருத்த குதிகாலும்

வடகரை ஈயக்குண்டுச் சங்கத்தின் 1979-ஆம் ஆண்டுக் கையேடு, நான்காம் பக்கம்:

"கர்வோனென், ரெய்னோ: முழு உறுப்பினர். பொறுப்பு: குண்டு வார்ப்பு. கர்வோனென், எல்வி (மேற்படியாரின் மனைவி): துணை உறுப்பினர். பொறுப்பு: பாஸ்டி, காப்பி. வார்ப்பு வேலையில் முன் அனுபவம்: இல்லை."

இதில் காப்பி மட்டும் உண்மை.

எல்வி தன் ஐம்பத்து மூன்று வயதுக்குள் ஒரு துப்பாக்கியையும் சுட்டதில்லை. சத்தம் ஆகாது. மான்கறி வந்தால் சாப்பிடுவாள். அந்த மான் எப்படி வந்தது என்ற பேச்சு எழுந்தால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். ஆனால் ஐந்தாம் நம்பர் லொகேஷன் என்ற சுரங்கக் குடியிருப்பிலிருந்து ஏரிக்கரை வரை, ஒன்பது வருஷமாகச் சங்கத்து ஆட்கள் சுட்டுத் தள்ளிய ஈயக்குண்டுகள் அத்தனையும் அவள் தன் வீட்டு கராஜில் உருக்கி ஊற்றியவை. அதே ஒன்பது வருஷமும் மாதக் கூட்டத்தில் அதே ஆட்கள் மீசையில் துகள் ஒட்டத் தின்ற பாஸ்டி, கறியும் கிழங்கும் வைத்து மடிக்கும் அந்தச் சுரங்கத்துப் பலகாரம், அத்தனையும் ரெய்னோ பிசைந்து, மடித்து, அடுப்பில் வைத்து எடுத்தவை.

யாரும் பொய் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. செப்புச் சுரங்கம் மூடியபோது ரெய்னோ இருபத்தாறு வருஷம் பூமிக்குள் வேலை பார்த்திருந்தான். சங்கம் அவனுக்கு வார்ப்புப் பொறுப்பைக் கொடுத்தது. வேலை போன ஆளுக்கு ஒரு பட்டம் வேண்டும் அல்லவா. பட்டம் வந்த மூன்றாம் வாரம் டாக்டர் அவன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, ஈயப்புகைப் பக்கம் போவதென்றால் இனி என்னிடம் வராதே என்றார். பட்டத்தைத் திருப்பிக் கொடுக்க ரெய்னோவுக்கு மனம் வரவில்லை. எல்வி கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பதினோரு வருஷம் ஹான்காக் ஊரில் பல்செட்டு செய்யும் ஒரு பல்கூடத்தில் தங்கத்தை உருக்கிப் பல்லுக்குத் தொப்பி வார்த்தவள். "இந்த ஒரு வாரம் நான் ஊத்திடறேன்" என்றாள். அந்த வாரம்தான் ஒன்பது வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

பாஸ்டிக் கதை இன்னும் சுருக்கம். எல்வி செய்த பாஸ்டியைக் கொண்டு காற்றில் கதவு அடிக்காமலிருக்க முட்டுக்கொடுக்கலாம் என்று ரெய்னோவே சொல்லியிருக்கிறான். அவள் கராஜில் இருந்த நேரத்தில் அவன் சமையலறையில் இருந்தான். ஒருநாள் மாவு அவனுக்குப் படிந்துவிட்டது. சங்கத்துச் செயலாளர் வாலஸ் ட்ரெதெவே முப்பாட்டன் காலத்தில், பாஸ்டி பிறந்த கார்ன்வாலிலிருந்து சுரங்கத்துக்கு வந்த குடும்பம். பாஸ்டி விஷயத்தில் தன்னை விட்டால் ஆளில்லை என்று நினைப்பவர். அவர் முதல் கடி கடித்துவிட்டு, "ஒரு ஃபின்லாந்துக்காரி கைக்கு இது எப்படி வந்துச்சு? காரட் போடாம, முள்ளங்கி போட்டு, ஓரத்த எங்கம்மா மடிக்கிற மாதிரியே மடிச்சு" என்றார். எல்வி நன்றி சொன்னாள். வேறு என்ன சொல்வது?

இனி தொப்பி விஷயம்.

ஈயம் மெத்து. பின்னாலிருந்து மருந்து வெடித்துக் கிளம்பும் சூடு குண்டின் அடியை நக்கி எடுத்துவிடும். அதற்காக அடியில் ஒரு செப்புத் தொப்பி மாட்டுவார்கள். சட்டைப் பொத்தான் அளவு, கிண்ணம் போலிருக்கும். குண்டின் அடியில் அதற்கென்று ஒரு படி இறங்கியிருக்கும். சங்கத்தில் அதைக் குதிகால் என்பார்கள். குதிகாலில் தொப்பியை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் பொத்தான் மாட்டுவது போல் மாட்டிக்கொள்ள வேண்டும். பிறகு குண்டை ஒரு எஃகு வளையத்துக்குள் அழுத்தி வெளியே தள்ளினால், குண்டும் அளவுக்கு வரும், தொப்பியும் இறுகும். தொப்பி நேராக இருந்தால் குண்டு நேராகப் போகும். சாய்ந்திருந்தால் குண்டு அதன் இஷ்டத்துக்குப் போகும். அவ்வளவுதான் சாஸ்திரம்.

வடகரைச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. குண்டு பொதுவில் வரும். தொப்பியை அவரவர்தான் மாட்ட வேண்டும். இன்னொருவன் மாட்டிய தொப்பியோடு சுடுவது இன்னொருவன் பல்செட்டைப் போட்டுக்கொள்வது மாதிரி. அதனால் சனிக்கிழமை காலையில் சங்கத்து மேசையைச் சுற்றிப் பெரிய பெரிய ஆட்கள், கோடரி பிடித்த விரல்களால், பொத்தான் தைக்கும் பெண்களைப் போல் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தக் கோடையில் தொப்பி மாட்டவில்லை.

குதிகாலின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு உள்ளே இறங்க மறுத்தது. கட்டைவிரல் நகம் கறுத்ததுதான் மிச்சம். லூயி படோவான் மரச்சுத்தியல் கொண்டு வந்தான். தட்டினால் ஒரு பக்கம் இறங்கியது, மறுபக்கம் தூக்கியது. அதை அப்படியே வளையத்துக்குள் அடித்து ஏற்றினான். பார்த்தவர்களும் ஏற்றினார்கள். செப்டம்பரில் மார்க்வெட் சங்கத்து ஆட்களோடு நடந்த போட்டியில், ஆறு வருஷம் தொடர்ந்து ஜெயித்த சங்கம், பக்கத்துப் பலகையில் ஓட்டை போட்டுவிட்டுத் திரும்பியது.

"தொப்பி சரியில்ல" என்றான் லூயி. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தொப்பி விஸ்கான்சினிலிருந்து வருவது. டெல்மர் ஹாச் என்று ஒருவர், மாட்டுக்கொட்டகையில் ஓர் அழுத்துபொறியை வைத்துக்கொண்டு செப்புத் தகட்டிலிருந்து அடித்து அனுப்புவார். அவர் மனைவி எண்ணிக் குழந்தை உணவுப் புட்டிகளில் போட்டுத் துணியால் மூடுவாள். வேறு பிழைப்பு அவர்களுக்கு இல்லை.

ட்ரெதெவே கடுமையாக ஒரு கடிதம் எழுதினார். நான்கு வரியில் பதில் வந்தது: "ஐயா, என் அச்சு பழைய அச்சு. தகடும் பழைய தகடு. உங்கள் குண்டின் காலை அளந்து பாருங்கள். டெல்மர் ஹாச்."

ட்ரெதெவே அதைச் சனிக்கிழமை மேசையில் உரக்கப் படித்தார். "கால அளக்கணுமாம். செருப்புக் கடைக்காரன் தோத்தான் போ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். காப்பிக் கூஜாவோடு நின்றிருந்த எல்வி சிரிக்கவில்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை. காப்பி ஊற்றுகிறவளின் முகத்தைப் பார்த்துக் குடிக்கிறவர்கள் குறைவு.

ட்ரெதெவே அடுத்தபடிக்குப் போனார். வடபகுதி முழுவதும் வீட்டில் குண்டு வார்ப்பவர்கள் வாசிக்கும் ஒரு செய்தித்தாள் உண்டு. மாதம் ஒருமுறை வரும், எட்டுப் பக்கம். அதற்கு ஓர் எச்சரிக்கை எழுதுவது, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நிறைவேற்றித் திங்கட்கிழமை தபாலில் சேர்ப்பது என்று முடிவானது. ஹாச்சின் தொப்பியை வாங்காதீர். கீழே சங்கத்தின் முத்திரை. அது அச்சானால் ஹாச் மாட்டுக்கொட்டகையில் மறுபடி மாடு கட்ட வேண்டியதுதான்.

எல்வி வீட்டுக்கு வந்து கராஜுக்குள் போனாள். அளந்தாள்.

பல்கூடத்துப் பழக்கம் ஒன்று அவளை விடவில்லை: ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் ஒரு குண்டை எடுத்துத் தேதி போட்டுப் புட்டியில் வைத்துவிடுவாள். ஒன்பது வருஷத்துப் புட்டி. போன வருஷத்துக் குண்டின் குதிகாலையும் இந்த மே மாதத்துக் குண்டின் குதிகாலையும் மைக்ரோமீட்டரில் வைத்துத் திருகினாள். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்றரை. புதுக் குண்டின் குதிகால் அவ்வளவு பருத்திருந்தது. பெட்டியிலிருந்து இன்னும் எடுத்து அளந்தாள், எல்லாம் அப்படியே.

மே மாதத்தில் என்ன நடந்தது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. கராஜின் மூலையில் அது அடுக்கி இருந்தது. ஊர் வாரப்பத்திரிகை புது அச்சு முறைக்கு மாறியபோது, எழுத்து வார்த்த பழைய அச்சு ஈயத்தை அள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள். கட்டி கட்டியாகவும் வரி வரியாகவும் இருந்தது. திருப்பிப் படித்தால் லூத்தரன் தேவாலயத்துக் காப்பி விருந்தும், காணாமல் போன ஒரு நாயும், பலபேருடைய மரண அறிவிப்பும் வந்தன. அதுவரை எடை சமமாக்கக் கார்ச் சக்கரத்தில் அடிக்கும் ஈயத்துண்டுகளை உருக்கிக்கொண்டிருந்தவளுக்கு அது பொன். கெட்டி உலோகம், பளபளவென்று விழுந்தது.

அச்சு ஈயம் ஆறும்போது அவ்வளவாகச் சுருங்காது. எழுத்து கூராக விழவேண்டும் என்றே அப்படிக் கலந்தது. சுருங்காவிட்டால் அதே குண்டு வார்ப்பு அச்சில் குண்டு சற்றுப் பெருத்து விழும். இது எல்விக்குத் தெரியாததல்ல. தங்கத்தில் செம்பு கூடினால் எவ்வளவு சுருங்கும், குறைந்தால் எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ஆனால் குண்டின் உடம்பை எப்படியும் வளையம் அளவுக்குக் கொண்டு வந்துவிடும் என்பதால் குண்டு வார்ப்பவர் யாரும் ஊற்றியதை அளப்பதில்லை. குதிகாலை மட்டும் வளையம் தொடாது. வளையத்துக்குப் போகும் முன்பே அது தொப்பிக்குள் போயிருக்க வேண்டும். ஒருவரும் அளக்காத அந்த ஒரே இடத்தில் தவறு உட்கார்ந்துகொண்டது. பல்லுக்குத் தொப்பி செய்தவள் காலுக்குத் தொப்பி சேருமா என்று பார்க்கவில்லை.

சமையலறையில் ரெய்னோ கூட்டத்துக்கான மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஏறிட்டுப் பார்த்தான்.

"என்ன, மூஞ்சி வேகாத பாஸ்டி மாதிரி இருக்கு?"

"காலு பெருத்திருக்கு."

"யாரு காலு? உன்னதா?"

"குண்டோட காலு. ஆயிரத்துல ஒண்ணரை. ஹாச் மேல தப்பில்ல, ரெய்னோ. ஊத்தினது நான்."

அவன் உருளையை வைத்தான். "எத்தன குண்டுல பாத்தே?"

"நாப்பது."

"நாப்பதுமா?"

"நாப்பதும்."

அவன் மாவு படிந்த கையோடு நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் இருமினான். "அச்சு ஈயம்."

"ஆமா."

"நான்தானே வண்டியில அள்ளிட்டு வந்தேன். முதுகு ஒரு வாரம் நிமிரல." உருளையை ஓரமாக நகர்த்தினான். "சரி. இதுல என்ன இருக்கு. நான் எந்திரிச்சு என் தப்புன்னு சொல்லிடறேன். புத்தகத்துல அப்படித்தானே போட்டிருக்கு. ரெண்டு நாள் கிண்டல் பண்ணுவானுங்க, முடிஞ்சுது."

நல்ல யோசனை. ஹாச் தப்பிப்பார், ரெய்னோவின் பட்டமும் தப்பிக்கும், எல்விக்கு ஒரு சேதமும் இல்லை. இப்படி எல்லோருக்கும் வசதியாக இருந்த ஒன்று அவளுக்கு மட்டும் ஏன் தொண்டையில் இறங்கவில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை. ஒன்பது வருஷம் வந்த பாராட்டையெல்லாம் அவன் பேருக்கு எழுதிக் கொடுத்தாள். ஒருநாளும் உறுத்தவில்லை. லூயி ரெய்னோவின் முதுகில் தட்டி, "கர்வோனென், உன் கை கையில்லடா, தங்கம்" என்றபோதெல்லாம் அவள் காப்பிக் கூஜாவை நகர்த்திக்கொண்டு போயிருக்கிறாள். இப்போது ஒரே ஒரு தவறு வந்தது. அதைத் தூக்கிக் கொடுக்க மனம் வரவில்லை. சாமான் அத்தனையையும் கொடுத்துவிட்டு உடைந்த தட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறவள் மாதிரி இருந்தது.

"நீ சொன்னா எப்படி சரி பண்ணுவேன்னு கேப்பாங்க" என்றாள்.

"எப்படி சரி பண்ணுவேன்?"

"அதான் உனக்குத் தெரியாதே."

"சொல்லிக் குடு. மனப்பாடம் பண்ணிக்கறேன்."

"இன்னொண்ணு இருக்கு. ஊத்தினது நான்னு சொன்னா, பாஸ்டி யாருன்னு கேப்பாங்க."

ரெய்னோ இதை எதிர்பார்க்கவில்லை. பூமிக்குள் நாலாயிரம் அடியில் டைனமைட் வைத்தவன் அவன். கையில் இருந்த மாவைப் பார்த்தான். பிறகு, "அது வேண்டாமே" என்றான், மிகவும் மெல்ல.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கூட்டத்துக்குப் பதினேழு பேர் வந்திருந்தார்கள். பாஸ்டி இரண்டு தட்டு. ட்ரெதெவே வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து எச்சரிக்கையைப் படித்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தார். "நேர்மையற்ற", "கவனமற்ற" என்ற இரண்டு சொல்லும் இரண்டு தடவை வந்தன. "கை தூக்கலாம்" என்றார்.

எல்வி கூஜாவைக் கீழே வைத்தாள். அதற்குள் ரெய்னோ எழுந்துவிட்டான்.

"தொப்பி மேல தப்பில்லப்பா. குண்டு மேலதான். என் தப்பு. ஈயத்த மாத்தினேன், கால அளக்கல."

கூடத்தில் ஒரு முனகல் ஓடியது. லூயிதான் முதலில் பேசினான். "அடப்பாவி. நான் சுத்தியலால அடிச்சு ரெண்டு நகம் போச்சுடா."

"சுத்தியலால அடிக்கச் சொன்னது யாரு?" என்றது பின்வரிசை.

ட்ரெதெவே கடிதத்தை மடிக்கவில்லை. "ரெய்னோ, ஹாச்சுக்கு நான் எழுதினது இருக்கு. அவர்கிட்ட மன்னிப்பு கேக்கணும்னா கேப்போம். ஆனா எனக்கு வெவரம் வேணும். எவ்வளவு பெருசு? இப்ப கையில ஆயிரத்து நானூத்து நாப்பது தொப்பி இருக்கே, அத என்ன பண்றது?"

"அது வந்து," என்றான் ரெய்னோ. "ஒண்ணரை."

"எதுல ஒண்ணரை?"

ரெய்னோ ஜன்னலைப் பார்த்தான். மனப்பாடம் பண்ணியதெல்லாம் அங்கே எங்கேயோ பறந்துவிட்டது போலிருந்தது. "தொப்பிய... சூடு பண்ணி..."

"எவ்வளவு சூடு?"

"பாஸ்டி வேகற சூடு" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை, அவன் விளையாடுகிறானா என்று தெரியாமல் விழித்தார்கள். எல்வி முன்னால் வந்தாள்.

"அந்த சூடு பத்தாது" என்றாள். "செம்பு செவக்கணும். காப்பி டப்பாவுல போட்டு, மூடி போட்டு, ஆவிக்குளியல் போடற சானா அடுப்புக் கங்குல வெச்சு எடுக்கணும். அப்புறம் வெறைப்பு போயிடும், சொன்ன பேச்சு கேக்கும். ஊசி மாதிரி கூம்பின எஃகு முனையில ஒவ்வொண்ணா வெச்சு வாய ஆயிரத்துல ரெண்டு விரிக்கணும். கட்டைவிரலே போதும், சுத்தியல் வேண்டாம் லூயி. ஈயம் ஊத்தினது நான். ஒம்போது வருஷமா நான்தான் ஊத்தறேன். அளக்காம விட்டதும் நான்தான். ஹாச் எழுதின நாலு வரியும் சரி."

ரெய்னோ உட்கார்ந்துவிட்டான்.

ட்ரெதெவே ரெய்னோவைப் பார்த்தார், எல்வியைப் பார்த்தார், கையில் பாதி மீந்திருந்த பாஸ்டியைப் பார்த்தார். மனிதருக்கு நிதானமாகத்தான் விளங்கியது.

"அப்படின்னா," என்றார், "இத செஞ்சது?"

"நான்" என்றான் ரெய்னோ. எழுந்திருக்கவில்லை. காது இரண்டும் சிவந்திருந்தன, மேலே சொன்ன செம்பு போல.

ட்ரெதெவே இன்னொரு கடி கடித்தார். மெதுவாக மென்றார். பதினேழு பேரும் தீர்ப்புக்குக் காத்திருப்பது போல் அவர் தாடையையே பார்த்தார்கள்.

"முள்ளங்கி கொஞ்சம் பெருசா நறுக்கற" என்றார். "இத்தன வருஷமா சொல்லணும்னு இருந்தேன். பொம்பளப்புள்ள மனசு கஷ்டப்படுமேன்னு விட்டுட்டேன்."

அப்போதுதான் லூயி சிரித்தான். பிறகு எல்லோரும். ரெய்னோ சிரிப்பதா இருமுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தான். எச்சரிக்கைக் கடிதத்தை ட்ரெதெவே நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஹாச்சுக்கு எழுதுவது யார் என்ற கேள்வி வந்தபோது பதினேழு பேரும் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். எல்வி தானே எழுதுவதாகச் சொன்னாள். எழுதினாள். நாலு வரிக்கு நாலு வரி.

தொப்பியை அவரவர் மாட்டும் வழக்கம் அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. அதை முன்மொழிந்தது லூயி, அவனுக்கு நகம் இன்னும் முளைத்துக்கொண்டிருந்தது.

அன்றைய கூட்டக் குறிப்பு ட்ரெதெவேயின் அழகான கையெழுத்தில் இப்போதும் இருக்கிறது: "தொப்பி குறித்துத் திரு. கர்வோனென் விளக்கம் அளித்தார். திருமதி கர்வோனென் காப்பி வழங்கினார்." அவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. பொறுப்பு யாருக்கோ, செயலும் அவர் பெயரில்தான் ஏற வேண்டும் என்பது சங்க விதி. விதியைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் வேண்டும். வேட்டைக்காலத்தில் அத்தனை பேரை எங்கே பிடிப்பது? 1980-ஆம் ஆண்டுக் கையேட்டின் நான்காம் பக்கமும் முன்போலவே வந்தது.

அந்த அக்டோபரில் எல்வி கர்வோனென் ஆயிரத்து நானூற்று நாற்பது செப்புத் தொப்பிகளைச் சானா அடுப்பில் சிவக்க வைத்து, ஒவ்வொன்றின் வாயையும் விரித்து, ஆயிரத்து நானூற்று நாற்பது குண்டுகளின் குதிகாலில் நேராக மாட்டினாள்.